கொடுவா எழுதாத மூன்று பதிவுகள்

என் அக்காவைக் கட்டிக்கொண்டு வந்து, எனக்கு அண்ணன் இல்லாத குறையையும் தீர்த்துவைத்த மாமாவுக்கு,

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. தேவனாம்பட்டினத்தில் அக்கா வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அக்கா உள்ளே குழம்பு கூட்டிக்கொண்டிருக்கிறாள். எழுதி முடித்ததும் மஞ்சக்குப்பத்துக்குப் போய் நம் வலைப்பதிவில் ஏற்றிவிடுவேன். இரண்டு வருஷமாக யாரும் தொடாத பக்கம். கடவுச்சொல் இன்னும் வேலை செய்கிறதா என்று நேற்றே பார்த்துவிட்டேன். செய்கிறது.

இத்தனை நாள் இல்லாமல் இப்போது ஏன் என்று கேட்பீர்கள். போன வாரம் ஷாகுல் அண்ணன் வந்திருந்தார், மாமா. நீங்கள் இருந்தவரை இந்த வாசலுக்கு வராதவர். அவர் சொன்னதைக் கேட்டபிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டுமே, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததை உங்களிடமே சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமி அலை வந்து படகையும் வலையையும் கொண்டுபோன பிறகு ஒரு வருஷம் மற்றவர்கள் படகில் கூலிக்குப் போனீர்கள். அப்புறம் உங்கள் தம்பி முருகையனையும் கூட்டிக்கொண்டு வளைகுடாவுக்குப் போனீர்கள், அங்கே ஒரு முதலாளியின் லாஞ்சில் மீன் பிடிக்க. எந்த நாடு என்று இப்போதும் எழுத மாட்டேன். நம் ஊர்ப் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

முதல் லீவில் வந்தபோது பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என்னிடம் கொடுத்தீர்கள். நான் அப்போது சிதம்பரம் மேலவீதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். "இத கம்ப்யூட்டர்ல ஏத்த முடியுமா புள்ள? எம் பேரு வரக்கூடாது" என்றீர்கள். நோட்டு முழுக்க உங்கள் கையெழுத்து. எல்லையைத் தாண்டிப் போய் வலை போடச் சொல்கிறார்கள், பக்கத்து நாட்டுக்காரன் பிடித்துக்கொண்டால் எங்களைத் தெரியாது என்று கைகழுவுகிறார்கள், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், இறந்துபோன ஒருவரின் உடல் மாதக்கணக்கில் பிணவறையில் கிடக்கிறது. பத்தாவது வரை படித்தவர் இப்படி எழுதுவார் என்று நான் நினைத்ததே இல்லை.

"அங்கியே எழுதி அங்கியே போடலாமே மாமா, அங்கதான் ஊருக்கு ஊரு சென்டர் இருக்கும்ல?"

"அங்க எவன் இன்னா எழுதுறான்னு பாக்கறதுக்குன்னே ஆபீஸ் வெச்சிருக்கான். பெரிய எடத்தப் பத்தி ரூமுக்குள்ளாற பேசறதுக்கே எங்காளுங்க டிவி சத்தத்த ஜாஸ்தி பண்ணிட்டுத்தான் பேசுறாங்க."

அப்படித்தான் கொடுவா பிறந்தான். மீன் பெயரே இருக்கட்டும், கொடுவா இல்லாத கடல் எது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே மின்னஞ்சல் பெட்டி. எழுதியதை யாருக்கும் அனுப்பாமல் அதிலேயே சேமித்து வைப்பீர்கள். நான் இங்கே திறந்து, படியெடுத்து, அங்கிருப்பதை அழித்துவிடுவேன். நான் வேலை பார்க்கும் சென்டரிலிருந்து ஏற்றக் கூடாது, ஒரே சென்டருக்கு அடுத்தடுத்துப் போகக் கூடாது, போனில் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. இதெல்லாம் நீங்கள் போட்ட சட்டம்.

நானும் ஒரு சட்டம் போட்டேன். நீங்கள் பேசுகிற மாதிரியே எழுதுவீர்கள். 'போறேன்', 'அவுங்க' என்று நம் ஊர் மணக்கும். அதையெல்லாம் நான் பாடப்புத்தகத் தமிழாக மாற்றிவிடுவேன். உங்களுக்குக் கோபம் வரும். ஒரு தடவை ஒரு சொல்லை மாற்ற மறந்துவிட்டேன். மறுநாள் யாரோ ஒருவர் கீழே எழுதியிருந்தார்: "அண்ணன் கடலூர்ப் பக்கமா? எங்க ஆத்தா இப்படித்தான் சொல்லும்." பாசமாகக் கேட்டவர்தான். ஆனாலும் அந்தப் பதிவையே எடுத்துவிட்டுத் திருத்திப் போட்டேன். அதற்கப்புறம் நீங்கள் என் திருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இங்கேயும் பயம் இல்லாமல் இல்லை. ஒரு மத்தியானம் சாதாரண உடையில் ஒருவர் எங்கள் சென்டருக்கு வந்தார். போலீஸ் என்றார். வருகிறவர்கள் பெயரும் முகவரியும் எழுதும் நோட்டைக் கேட்டார். பக்கம் பக்கமாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே, "நீ எத்தன வருஷமா இங்க இருக்க? ஊரு எது?" என்றார். கடலூர் என்றேன். யாரோ ஒரு கல்லூரி மாணவன் மிரட்டல் மெயில் அனுப்பிய விஷயம் அது. நமக்குச் சம்பந்தமே இல்லை. அவர் போன பிறகும் அன்று முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. அப்புறம் அந்தப் பதிவு. விளக்கை அணைத்து, இடம் காட்டும் கருவியையும் அணைத்து, ஒரு லாஞ்சை எல்லை தாண்டி அனுப்பியதையும், அதற்குத் துறைமுகத்தில் எந்த அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார் என்பதையும் எழுதினீர்கள். அந்த லாஞ்சில் இருந்தது மொத்தம் ஆறு பேர். அந்த ஆறில் ஒருவர்தான் எழுதியிருக்க முடியும் என்று அவர்களுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? அன்று உங்களுக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. திருத்தித் திருத்திச் சொற்களைத்தான் பார்த்தேன், மாமா. உள்ளே இருந்த விஷயமே உங்களைக் காட்டிக்கொடுக்கும் என்று பார்க்கவில்லை.

ஷாகுல் அண்ணன்தான் அக்காவுக்குப் போன் செய்தார். பரங்கிப்பேட்டைக்காரர், அந்தத் துறைமுகத்தில் செல்போன் கடை வைத்திருந்தவர், உங்களுக்கு அரபியில் கடுதாசி எழுதித் தருகிறவர், கடைக் கம்ப்யூட்டரில் உங்களை உட்காரவைக்கிறவர். நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்று அவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. "தங்கச்சி, மச்சானக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஆறு பேரையும். எங்கன்னு சொல்ல மாட்டேங்குறாங்க" என்றாராம்.

அக்கா திங்கட்கிழமை மனுவோடு மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தாள். அடுத்த திங்கட்கிழமையும். அதற்கடுத்ததும். "மேல அனுப்பியிருக்கோம்மா" என்ற பதில்தான். மற்ற ஐந்து பேரையும் விட்டுவிட்டார்கள். உங்களை மட்டும் விடவில்லை. முருகையன் வேறு லாஞ்சில் இருந்ததால் தப்பினான். "அண்ணன்தான் கொடுவான்னு ஒத்துக்கச் சொல்லி அடிக்கிறாங்களாம் அண்ணி" என்று அவன் சொன்னதைக் கேட்டு அக்கா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நீங்கள் உள்ளே இருக்கும்போது கொடுவா வெளியே எழுதினால்? அப்புறம் நீங்கள் எப்படிக் கொடுவாவாக இருக்க முடியும்?

எழுத உட்கார்ந்தேன். ஆனால் சும்மா எழுதினால் நம்புவார்களா? அந்தத் துறைமுகத்தில் அன்றன்றைக்கு நடப்பதை எழுத வேண்டும். நான் அந்தக் கடலைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. சிதம்பரம் தெற்குவீதியில் ஒரு பூத்திலிருந்து ஷாகுல் அண்ணன் கடைக்குப் போன் போட்டேன். மாமாவைப் பற்றி விசாரிப்பது போல ஆரம்பித்து, அங்கே என்ன நடக்கிறது, எந்த லாஞ்சு வந்தது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். வெகுளியாகச் சொன்னார். அன்று சாயங்காலமே கொடுவா எழுதிவிட்டான்.

அடுத்த வாரம் இன்னொரு போன், இன்னொரு பதிவு. மூன்றாவது தடவை அவர் சொன்னார், கடைக்கு நேர் எதிரே ஒரு நீல லாஞ்சு அடியில் தண்ணீரைத் தள்ளும் காற்றாடி உடைந்து வந்து நின்றதாம், மேஸ்திரி டிரைவரைக் கன்னத்தில் அறைந்தானாம், சுற்றிலும் ஆளே இல்லையாம். அதை அப்படியே எழுதினேன். உங்கள் குரலில் எழுதியதற்காக எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது பதிவு வந்த நான்காம் நாள் உங்களை விட்டார்கள். கையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்து நேராக விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கடலூர் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் இறங்கியபோது அக்கா உங்களை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. உங்கள் சட்டை உங்களுக்கே பெரிதாக இருந்தது. என்னைப் பார்த்து, "நீயா புள்ள எழுதுன?" என்று மட்டும் கேட்டீர்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். உங்கள் கை என் தலையில் இருந்தது நினைவிருக்கிறது.

பன்னிரண்டு நாள்தான் அந்தச் சந்தோஷம். பதின்மூன்றாம் நாள் முருகையன் போன் செய்தான். ஷாகுல் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் உள்ளே இருக்கும்போது எழுதியது யார் என்று தேடியிருக்கிறார்கள். நீல லாஞ்சையும் மேஸ்திரி அறைந்ததையும் பார்த்திருக்கக்கூடிய இடம் அவர் கடை ஒன்றுதான். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்ததில் நம் பெட்டியைத் திறந்த தடயமும் இருந்திருக்கிறது.

நீங்கள் எழுந்து கடற்கரைப் பக்கம் போனீர்கள். திரும்பி வந்து, "நான்தான்னு பேரு போட்டு எழுதப் போறேன்" என்றீர்கள்.

அக்கா கத்தினாள். "உங்க தம்பி அங்க இருக்கான், தெரியுதா? நீங்க இங்க உக்காந்து பேரு போட்டா அவன வுடுவாங்களா?"

உண்மைதான். முருகையனை முதலில் வரவைக்க வேண்டும். முதலாளி அவன் பாஸ்போர்ட்டைத் தரவில்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று எழுதினோம், தந்தி அடித்தோம், டாக்டர் சீட்டு அனுப்பினோம். நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் நீங்கள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவீர்கள். "ஒவ்வொரு வாய்க்கும் அவன் மொகம் வருது" என்று ஒருநாள் அக்காவிடம் சொன்னீர்களாம்.

முருகையன் வந்து இறங்கிய மறுநாள் காலை மஞ்சக்குப்பத்தில் ஒரு சென்டரில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நீங்கள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். உங்கள் பெயர், அப்பா பெயர், ஊர், எந்த லாஞ்சு, எல்லாம். கடைசியில், "இந்தப் பக்கத்துல இருக்கற அத்தனையும் நான் எழுதுனது. ஷாகுலுக்கு ஒண்ணுந் தெரியாது" என்றீர்கள். நான் கையை எடுத்துவிட்டேன்.

"அத்தனையும் இல்ல மாமா. மூணு என்னது. அதனாலதான அவர் உள்ள இருக்காரு? அதையும் போடணும்."

"போட வேணாம்."

"நீங்க உள்ள இருந்தப்ப வந்தத நீங்க எழுதுனதா எப்படி நம்புவாங்க?"

"முன்னாடியே எழுதி வெச்சத கூட்டாளி ஒருத்தன வுட்டுப் போடச் சொன்னேன்னு சொல்லிக்கறேன். கூட்டாளி பேரு சொல்ல முடியாதுன்னு சொல்லிக்கறேன். நீ கல்யாணம் ஆவப்போற புள்ள. போலீசு, கேசுன்னு உன்ன நான் இழுத்து வுட மாட்டேன். தட்டு."

"மாமா, நீல லாஞ்சு விஷயம் முன்னாடியே எப்படி..."

"தட்டுன்னு சொல்றேன்ல?"

தட்டினேன். பயத்தில்தான் தட்டினேன், மாமா. உங்களுக்குக் கீழ்ப்படிந்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் வேண்டாம் என்றதும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதை உங்களிடம் நான் சொல்லவில்லை.

அன்றைக்கே பரங்கிப்பேட்டைக்குப் போய் ஷாகுல் அண்ணனுடைய உம்மாவைப் பார்த்தீர்கள். உங்கள் பிள்ளை உள்ளே இருப்பதற்கு நான்தான் காரணம் என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். திட்டினார்களா என்று கேட்டோம். "திட்டல. உக்காரச் சொல்லி தண்ணி குடுத்தாங்க. அதத்தான் குடிக்க முடியல" என்றீர்கள்.

உங்கள் பதிவை ஆயிரக்கணக்கில் படித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். வெளியூரில் இருந்தெல்லாம் அந்த நாட்டுத் தூதரகத்துக்கு எழுதினார்கள். மூன்று மாதம் கழித்து ஷாகுல் அண்ணனை விட்டார்கள். உங்கள் பதிவாலா, தூதரகத்தாலா, அவர்களுக்கே சலித்துப்போனதாலா? யாரும் சொல்லவில்லை. அவர் ஊருக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் போனீர்கள். பார்க்க விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு தடவை. அதற்கப்புறம் நீங்கள் போகவில்லை. ஆனால் பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து யார் வந்தாலும் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில், பட்டப்பகலில், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ஜி.எச்.சுக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உங்கள் சாவுக்கு ஊரே வந்தது. நான் தேடிய ஒருவர் வரவில்லை.

போன வாரம் வந்தார். ஒல்லியாக, இடது கை விரல்களைச் சரியாக மடக்க முடியாமல். அக்கா மீன் விற்கப் போயிருந்தாள். நான் மட்டும்தான் இருந்தேன். உங்கள் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "சாவு சேதி வந்தப்ப நான் சென்னையில இருந்தேன். தெரிஞ்சும் வரல. மனசு வரல" என்றார்.

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த மூணையும் எழுதினது நீதானே தங்கச்சி?"

நான் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"மூணு தடவ போன்ல பேசின. மூணு தடவையும் நான் சொன்னது அதுல வந்துச்சு. உள்ள வெச்சுப் படிச்சுக் காட்டினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போன்ல சிதம்பரம் நம்பரு இருந்துச்சு. இது யாரு, இது யாருன்னு அதத்தான் ஏழு மாசமும் கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க அண்ணே?"

"உம்மாவுக்கு ஒடம்பு முடியல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனவங்க அங்கேருந்து பேசினாங்கன்னு சொன்னேன். அதையேதான் சொன்னேன்." விரல்களைப் பார்த்துக்கொண்டார். "உன் பேரச் சொன்னா அன்னிக்கே வுட்டிருப்பாங்க. ஒரு நாளு சொல்லிடலாம்னுதான் இருந்தேன். வாய் வரைக்கும் வந்துச்சு."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

"மச்சான் பேரு போட்டு எழுதினத வெளிய வந்து படிச்சேன். எல்லாம் நான்தான்னு எழுதியிருக்காரு. பொய்யின்னு தெரியும். அதான் கோவம். என்னைக் காப்பாத்தறதுக்கு முழு உண்மையும் சொல்லல, உன்ன ஒளிச்சு வெச்சுட்டாருன்னு. இப்ப அவரும் போயிட்டாரு. அவருகிட்ட இத கேக்க முடியாமப் போச்சேன்னு இருக்கு. அதனாலதான் உங்கிட்ட கேக்க வந்தேன்."

"என்ன கேக்கணும் அண்ணே?"

"நான் உள்ள இருந்தப்ப ஒரு நாளாவது நெனச்சியா?"

தினமும் நினைத்தேன் என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் தினமும் நினைத்தவள் ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. எழுந்து போய்விட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "உம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது" என்றார். சொல்லாதே என்றாரா, சொல் என்றாரா? ஒரு வாரமாக யோசிக்கிறேன்.

நேற்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்புறம், "உங்க மாமா இருந்திருந்தா வுட மாட்டாரு. நான் வுடறேன். எழுது" என்றாள். என் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். பயப்படுகிறார். இப்போதெல்லாம் நம் நாட்டிலேயே ஒரு வரி எழுதினதற்கு வீட்டுக் கதவைத் தட்டுகிறார்களாமே என்கிறார். பயப்படட்டும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆகவே இதைப் படிக்கிற எல்லோருக்கும்: இந்தப் பக்கத்தில் இருக்கும் பதிவுகளில் மூன்று என் மாமா எழுதியவை அல்ல. அவர் சிறையில் இருந்தபோது வந்த மூன்றும் நான் எழுதியவை. அவற்றுக்காக ஒரு மனிதர் ஏழு மாதம் அடைபட்டிருந்தார். அவருக்கு என் பெயர் தெரியும். அவர் சொல்லவில்லை.

மாமா, நீங்கள் எனக்காகச் சொன்ன பொய்யை இன்றைக்கு எடுத்துவிடுகிறேன். கோபித்துக்கொள்வீர்களா? என்னை வெளியே தெரியாமல் வைத்துக் காப்பாற்றினீர்கள். அதற்கு ஆயுசுக்கும் நன்றி. ஆனால் அந்த மறைவின் விலையை வேறொருவர் கொடுத்துக்கொண்டிருந்தார். அது தெரிந்தபிறகும் அதற்குள் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

ஒரு வாக்கு கொடுக்கிறேன். நாளை மறுநாள் நானும் அக்காவும் பரங்கிப்பேட்டைக்குப் போகிறோம். ஷாகுல் அண்ணனிடம் கேட்டுவிட்டு, அவர் சரி என்றால் அவர் உம்மா முன்னால் உட்கார்ந்து என் வாயால் சொல்வேன். அவர் வேண்டாம் என்றால் அவருடைய விருப்பம் என்று திரும்பி வருவேன், கூப்பிடுகிற நாள்வரை காத்திருப்பேன். அந்த அம்மா என்ன சொன்னாலும் தலை குனிந்து கேட்பேன். யாராவது தேடி வந்து கேட்டாலும், நான் இல்லை என்று இனி சொல்ல மாட்டேன்.

உங்கள் கொழுந்தியா,
தமிழரசி
தேவனாம்பட்டினம், கடலூர்